புது பிளாட்டிலை மிளகாய்ப் புகை

நோர்பரியிலை வயசானவைக்கெண்டு கவுன்சில் கட்டின புது பிளாட்டைப் பாக்கச் செல்வரத்தினம் மனுசியோடை போனார். அவருக்கு இடம் நல்லாப் பிடிச்சுப்போச்சு. மனுசி சிவகௌரி நேரை அடுப்படிக்குப் போனா. பையுக்கை கொண்டுவந்த தாச்சியை அடுப்பிலை வைச்சு, செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கிட்டா!

புகை கிளம்ப அலாரம் கத்திச்சுது. கீழை வேலைக்கு நிண்ட பிள்ளை இருமி இருமி ஓடிவந்தாள்.

"உனக்கென்ன விசரோ? விருப்பமில்லாட்டிச் சொல்லியிருக்கலாமே! இனி வீடு தருவாங்களோ?" எண்டு அவர் குதிச்சார்.

சிவகௌரி மணிக்கூட்டைப் பாத்தா.

"ஒரு நிமிசத்திலை ஆள் வந்திட்டுதப்பா! போன மாசம் நீங்கள் பாத்ரூமிலை விழ, நான் ஒரு மணித்தியாலம் கத்தியும் ஒருத்தரும் வரேல்லை. அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுத்திட்டு, எங்கை கையெழுத்து வைக்கிறதெண்டு கேளுங்கோ."