ஆடும் மேஜைக்கு ஒரு புத்தகம்

"இதை எழுதின ஆளு லாஸ் வேகாஸைப் படத்துலதான் பார்த்திருக்கணும்!"

காபிக் கடைக் கதவைத் திறந்ததுமே மேரிவிக்கின் காதில் விழுந்தது இதுதான். யார் குரல் என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். வெர்னா.

வந்த வழியே திரும்பிவிடலாமா என்று நினைத்தாள் மேரிவிக். அந்தப் புத்தகத்தை எழுதிய ஆளே அவள்தான், கேலவே என்ற புனைபெயரில்.

காலை எட்டு மணி. அவளையும் வெர்னாவையும் போல, கேசினோவில் இரவெல்லாம் ஆட வருகிறவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அதுதான் சாயங்காலம். மாதம் ஒருமுறை முட்டையும் பீருமாகக் கூடி, தங்கள் ஊரைப் பற்றி வந்த புத்தகம் ஒன்றைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். வேறு எதையும் படிக்க மாட்டார்கள். படுமோசம் என்று முடிவானால், அது அந்தக் கடையின் ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் போகும். இதுவரை நல்லது என்று பேர் வாங்கிய புத்தகம் இல்லை. மேஜைதான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இன்று ஒரு புதுமுகம் உட்கார்ந்திருந்தது. ட்ரென்ட், கேசினோவுக்குப் புதிதாக வந்த மேலாளர். ஹோட்டல் பக்கத்திலிருந்து வந்தவர்; பிறந்ததிலிருந்து ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்தவரில்லை. கையில் அதே புத்தகம். பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் துண்டுக் காகிதங்கள்.

"நானும் இலக்கிய ரசிகன்தான்," என்றார். "இதுல வர்ற கேசினோ நம்மளுது மாதிரியே இருக்கு. எழுதினது நம்ம ஆளுன்னா கூப்பிட்டுப் பாராட்டலாமேன்னு..."

அந்தப் பாராட்டு எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். உள்ளே நடப்பதை வெளியே எழுதினால் அன்றே வேலை போய்விடும். அப்புறம் அந்த ஊரில் எந்தக் கேசினோவும் கூப்பிடாது.

மேரிவிக் ஓரத்து நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டாள்.

"நம்ம ஆளா?" வெர்னா முள்கரண்டியைத் தட்டில் போட்டாள். "என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்களே சார்! கேலவேயாம் பேரு. ஹோட்டல் மெத்தையில படுத்துக்கிட்டு எழுதியிருக்கான். படிச்சதுக்கு எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்."

"எனக்கு ஒண்ணு ரெண்டு இடம் பிடிச்சிருந்தது..." என்று இழுத்தார் ரூலெட் சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றிவிடும் டெஸ்ஃபாயே.

"உனக்கு இந்தக் கடை மெனுவைக் குடுத்தாலும் பிடிக்கும். நீ சாப்பிடு."

ட்ரென்ட் மஞ்சள் காகிதம் வைத்த பக்கம் ஒன்றைப் பிரித்தார். "அப்ப இது? ஒரு அம்மா கார்ல காய்கறிப் பையை வெச்சுட்டு, கையைத் தட்டி, ரெண்டு உள்ளங்கையையும் ஆகாசத்துக்குக் காட்டறா. கையில எதையும் ஒளிச்சு வைக்கலைன்னு, ஆட்ட மேஜையை விட்டு நகரும்போது நீங்க கூரைக் கேமராவுக்குக் காட்டறீங்களே, அதே மாதிரி. உள்ள இருக்கற ஆளு எழுதாம இது எப்படி வரும்?"

மேரிவிக் காபிக் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

அந்த அம்மா வேறு யாருமில்லை, வெர்னாதான். ஒருநாள் வெர்னா மேரிவிக்கைத் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியில் காய்கறி வாங்கினாள். அப்போது பார்த்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "அதைத்தான் சொல்றேன்! வெளியில எவளாவது அப்படிச் செய்வாளா? எங்களுக்கென்ன கிறுக்கா? ஆகாசத்துல கேமராவா இருக்கு? புறாதான் இருக்கு!"

பச்சைப் பொய்! மேரிவிக்குக்கு முகம் எரிந்தது. தான் செய்ததையே கூசாமல் இல்லை என்கிறாளே!

"நீங்க செய்வீங்களா?" ட்ரென்ட் டெஸ்ஃபாயேவைக் கேட்டார்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக்கூட உள்ளங்கையைக் காட்டுகிறவர் என்று டெஸ்ஃபாயேவின் மனைவியே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா அவரைப் பார்த்தாள்.

"சேச்சே," என்றார்.

வெர்னாவுக்குப் பயப்படாதவர் அந்த மேஜையில் யார்?

"நீ என்னடி சொல்ற?" வெர்னா ஓரத்துக்குத் திரும்பினாள். "காலேஜ்ல படிச்சவதானே? வாயில என்ன, உருளைக்கிழங்கா? புத்தகம் எப்படி?"

"மோசம்," என்றாள் மேரிவிக்.

"காதுல விழல."

"ரொம்ப மோசம்."

"கேட்டுக்கங்க சார். நேத்து வந்த பொடிசு, அதுக்கே தெரியுது."

ட்ரென்ட் மஞ்சள் காகிதங்களை ஒவ்வொன்றாக உருவிக் கசக்கினார். "யாரோ சுற்றுலா வந்த ஆளுதான் போல," என்று எழுந்தார்.

"புத்தகத்தைக் குடுத்துட்டுப் போங்க. மேஜை ஆடுது."

குனிந்து, அதைக் காலுக்கு அடியில் திணித்து, அழுத்திப் பார்த்தாள் வெர்னா. மேஜை ஆடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மேரிவிக்கும் தட்டினாள்.

அப்புறம் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். இனி இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வெர்னாவோடு பேச்சும் இல்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், நில்லு!"

கார்கள் நிற்கும் இடத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் வெர்னா. தன் காரின் பின்மூடியைத் திறந்தாள். வெங்காயப் பைக்கும் பழைய போர்வைக்கும் நடுவே துழாவி எதையோ எடுத்தாள்.

அதே புத்தகம். படித்துப் படித்து முனை மழுங்கியிருந்தது. காய்கறிப் பை வரும் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

"பேனா வெச்சிருக்கியா?"

மேரிவிக் தலையாட்டினாள்.

"சொந்தப் பேரைப் போட்டுக் குடு. கேலவேயும் கத்தரிக்காயும் எனக்கு வேண்டாம்."

மேரிவிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வெர்னா புத்தகத்தை வாங்கிப் போர்வைக்குள் சுருட்டி வைத்தாள். மூடியை அறைந்து சாத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்து ஆகாயத்துக்குக் காட்டினாள்.