எட்டாவது ரவுண்டு

மேகலா அக்காவின் ஓட்டத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாளும் ஒரு மணி நேரமும் இருக்கின்றன. மத்தியப் படை வேலை. ஆயிரத்து அறுநூறு மீட்டரை, அதாவது நான்கு ரவுண்டை, எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும்; ரவுண்டுக்கு இரண்டு நிமிடம் ஏழு நொடி. அடுத்த வருடம் அக்காவுக்கு வயது தாண்டிவிடும். ஆம்பூர் மைதானத்தில் சாம்பல் நிறத்தில் விடிகிறது. தோல் ஆலைத் தொட்டிகளில் தோல் ஊறும் வாடை காற்றில் அசையாமல் நிற்கிறது. இன்று எட்டு ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு நிமிடம் ஓய்வு. கடிகாரம் என் கையில் இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஏழாவது ரவுண்டு முடிந்ததும் அக்கா குனிந்து வாந்தி எடுக்கிறார், வெறும் தண்ணீர். ஷூ கம்பெனிச் சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. மைதானத்தில் கோடு போடும் ஆல்வின் அண்ணன் வேலியோரம் நின்று சிரிக்கிறார்.

“இன்னா மேகலா, பிரியாணி ஜாஸ்தியா?”

“நீ என்னிக்குண்ணா வாங்கிக் குடுத்த?”

வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார். கடைசி வளைவில் தலை ஒரு பக்கம் சாய்கிறது, கைகள் தனியாக ஆடுகின்றன. கோட்டைத் தாண்டி முழங்காலில் விழுகிறார்.

“டைம் சொல்லுடி.”

“ரெண்டு நிமிஷம், அஞ்சு செகண்டுக்கா.”

“அப்போ பாஸ்தான். இன்னிக்கே கம்பெனில வேலைய விட்டு நிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்றேன்.”

எழுந்து பையை எடுக்கிறார். நான் அதன் வாரைப் பிடிக்கிறேன்.

“குடுக்காதீங்கக்கா. நேத்து டேப் வெச்சு அளந்தேன். வெளி ஓரமெல்லாம் சேறாயிருக்குன்னு ஆல்வின் அண்ணன் கோட்ட உள்ள தள்ளிப் போட்டிருக்காரு. இந்த ரவுண்டு நானூறு மீட்டர் இல்ல. முந்நூத்தி அறுவதுதான்.”