பேர் கேட்டுப் பேசவும்

"வீட்டு எஜமானர் பேரு என்னம்மா?" என்று கேட்டார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வாசற்படியில் நின்ற பாஞ்சாலி வாயைத் திறக்காமல் திருத்தணி மலையைக் கை காட்டினாள்.

ஐயா சாமி கும்பிடப் போயிருக்கிறார் போலும் என்று குமாஸ்தா வெயிலில் மலைப்படி ஏறிப் போய்விட்டார். ஐயாவோ கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சிரிக்கும்படியாக நடந்த கடைசிக் காரியம் அதுதான். அன்று மாலை காய்ச்சலென்று படுத்த பாஞ்சாலி எழுந்திருக்கவே இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. பாஞ்சாலியின் சித்தப்பா மகன் ஜெகநாதனும் தங்கை தேவகியோடு திருத்தணிக்கு ரயிலேறி வந்து, அக்கா புருஷன் தணிகாசலத்தின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தான். குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு ஆவிகளிடம் மட்டும் பயமே கிடையாது. அவற்றோடு பேசுவதற்குப் பெட்டியில் ஒரு பலகையே வைத்திருந்தான்.

பலகையில் எழுத்துகள் வட்டமாக எழுதப்பட்டிருந்தன. ஒரு மூலையில் 'ஆங்', எதிர் மூலையில் 'இல்லை'. தமிழ் எழுத்து அத்தனையும் ஒரு பலகையில் அடங்குமா? காலும் கொம்பும் போட்டுக்கொள்வது ஆவியின் பொறுப்பு.

கருமாதி முடிந்த மறுநாள் ஜெகநாதன் பலகையை எடுத்து வந்தான். "பாவா, அக்காவைக் கூப்டுவமா? அக்காவுக்குத்தான் எழுத்துக்கூட்டத் தெரியுமே."

இருவரும் ஒரு காலணாவின் மேல் ஆளுக்கொரு விரல் வைத்தார்கள். "அக்கா, வந்திருக்கிறது நீதான்னா எதிர்ல உக்காந்துகினு இருக்கிறது யாருன்னு சொல்லு" என்றான் ஜெகநாதன். காசு விர்ரென்று ஓடியது. த, ண, க, ச, ல, ம.

"தணிகாசலம்! பாத்தீங்களா பாவா? அக்காவேதான்!"

தணிகாசலம் குழந்தைபோல் அழுதுவிட்டார். காசு அத்தோடு நிற்கவில்லை. தேவகியைக் கட்டிக்கொள்ளச் சொன்னது, என் நகைகளை அவளுக்கே போடுங்கள் என்றது, ஆவணிக்குமேல் தள்ளவேண்டாம் என்றும் எச்சரித்தது.

"அக்கா உத்தரவு. நான் இன்னா பண்றது?" என்று ஜெகநாதன் ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாண்ணா?" என்றாள் கதவோரம் நின்ற தேவகி.

"ஆவியே சொல்லிடுச்சு, உன்னைக் கேக்கிறதுக்கு இன்னா கீது?"

வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதென்று முடிவாயிற்று. பாஞ்சாலியின் பேச்சைத் தட்டத் தணிகாசலத்துக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பலகையில் ஏதோ ஒன்று செருப்புக்குள் புகுந்த கல்போல உறுத்தியது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

"மச்சான், ஒரு தரம் நான் தனியா அவகிட்ட கேட்டுடறேன்" என்றார்.

ஜெகநாதன் பதறிப்போனான். "தனியாவா? பட்டணத்துல ஒருத்தரு அப்படித்தான் உக்காந்தாரு. வந்த ஆவி இன்னிய வரைக்கும் அவரு வீட்லயே சாப்ட்டுகினு கீது!"

"பத்திரமா உக்கார வழியே இல்லியா?"

"கீது. குளிச்சிட்டு, விபூதி பூசிகினு, பகல்ல உக்காருங்க. எப்ப சாவேன்னு மட்டும் கேக்காதீங்க. முக்கியமா, உங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க. சொன்னா நம்ம ஆளு. சொல்லலைன்னா வேற ஏதோ கழுதை பூந்துகினு கீதுன்னு அர்த்தம். காசைக் கவுத்துட்டு வெளிய ஓடியாந்துடுங்க பாவா!"

வெள்ளிக்கிழமை காலை. கூடத்தில் வெற்றிலை பாக்குத் தட்டுடன் ஜெகநாதன் காத்திருந்தான். உள்ளறையில் தணிகாசலம் குளித்து, விபூதி பூசி, கதவைச் சாத்திக்கொண்டு காலணாவின் மேல் விரலை வைத்தார்.

"பாஞ்சாலி, வந்துட்டியா?"

காசு மெல்ல ஊர்ந்து 'ஆங்' மேல் நின்றது. நாமேதான் தள்ளினோமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"காய்ச்சல் விட்டுச்சா?"

காசு கொஞ்சம் விலகி, திரும்பவும் 'ஆங்' மேலேயே வந்து நின்றது. பிறகு விதிப்படி கேட்டார்: "எதிர்ல உக்காந்துகினு இருக்கிறது யாரு? பேரைச் சொல்லு."

காசு அசையவில்லை. அதட்டிக் கேட்டார். கெஞ்சியும் கேட்டார். ஆணி அடித்தாற்போல நின்றது.

ஜெகநாதன் சொன்னபடி பார்த்தால், இப்போது காசைக் கவிழ்த்துவிட்டு ஓடவேண்டும். தணிகாசலம் ஓடவில்லை. இத்தனை நாளாக உறுத்தியது என்னவென்று அந்த நிமிஷம்தான் பிடிபட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"இன்னா பாவா, அக்கா பேரு சொல்லுச்சா?"

"சொல்லலை."

"ஐயையோ, அது வேற ஏதோ பேய்! காசைக் கவுத்தீங்களா இல்லியா?"

தணிகாசலம் தாம்பூலத் தட்டை எடுத்து ஜெகநாதன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேற பேய் வந்தது அன்னிக்கு, மச்சான். இன்னிக்கு வந்தவ அவதான்" என்றார். "புருசன் பேரை இன்னும் சொல்லமாட்டேங்கிறா!"