மாவு மில்லுக்கு வந்த நோட்டீஸ்

நகராட்சி ஊழியர் நோட்டீஸைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

பிலோமினாள் மில்லை நிறுத்தினாள். இருபத்தாறு வருடத்தில் அவர் எதையும் படித்துக் காட்டியதே இல்லை.

நகராட்சியிலிருந்து கடை கடையாக நோட்டீஸ் கொண்டுவருவது அவர் வேலை. காகிதத்தைப் பிரிக்காமலே கையில் கொடுப்பார். விஷயத்தை வாயால் சொல்லுவார். நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அலுவலகத் தமிழ் அந்தத் தெருவில் யாருக்கும் பிடிபடாது. அவருக்கே முழுசாகப் பிடிபட்டதில்லை.

குடிநீர்க் குழாய் பதித்த வருடம், "அக்கா, ஒரு மாசம் வாசல்ல பள்ளம் கிடக்கும். மேல பலகை போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

பலகை வந்தது. கையில் அரிசித் தூக்கோடு பெண்கள் அதன்மேல் நடந்து வந்தார்கள். ஒருத்தி பாதியில் நின்றுகொண்டு முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் சிரித்தாள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

பாதாளச் சாக்கடைக்கு மூன்று மாதம் என்றார். பதினோரு மாதம் இழுத்தது. அடுத்த நோட்டீஸோடு அவர் வந்தபோது பிலோமினாள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே நாற்காலியில் படிந்த மாவைத் தட்டி, உட்காரப் போட்டாள். மிளகாய் அரைபட்ட நெடியில் இருவருக்கும் தும்மல். பாதித் திட்டு அதிலேயே போய்விட்டது.

எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை. தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடியும் தோண்டினார்கள். மில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அவர் உட்காரவில்லை.

"பார்வையில் காணும் தீர்மானத்தின்படி, மேற்படி சாலையை அகலப்படுத்தும் பொருட்டு, மேற்படி கதவு எண்ணில் அமைந்துள்ள கட்டுமானம் முழுவதும், இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற பதினைந்து தினங்களுக்குள்..."

ஒரு வார்த்தை விடாமல் படித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. கடித எண்ணைப் படித்தார். நகல் யார் யாருக்குப் போகிறது என்பதையும் படித்தார்.

கோதுமை அரைக்க வந்திருந்த பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

'முழுவதும்' என்ற இடத்திலேயே பிலோமினாளுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. மனுஷன் வாயைத் திறந்து சொன்னால் என்ன?

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல தம்பி. எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவர் காகிதத்தை மடித்தார். மெதுவாக, வந்த மடிப்பிலேயே மடித்தார். பிறகு நாற்காலியை இழுத்து, மாவைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்தார்.

"அக்கா..." என்றார்.



நகலில் கையெழுத்துப் போட, அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்துக்கொண்டாள்.