முள்கரண்டிப் பயிற்சி

"முதல் நாள் எங்கேம்மா சாப்பிட்டீங்க?" என்று மகன் போனில் கேட்டதும் தையல்காரம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

எதையும் அவள் ஒழுங்காகச் சொன்னதில்லை. நடுவில் ஆரம்பிப்பாள், முதலை மறப்பாள், சொல்லக் கூடாததை உளறிக் கொட்டுவாள். இதையாவது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தாள்.

நடந்தது இதுதான்.

மகனும் மருமகளும் டிக்கெட் போட்டு, சம்பந்திகள் இரண்டு பேரையும் ஐந்து நாள் கப்பல் பயணத்துக்கு ஒரே அறையில் அனுப்பி வைத்தார்கள். மருமகளின் அம்மா ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். இவளோ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்.

கப்பலில் கால் வைத்ததுமே டீச்சரம்மா வகுப்பை ஆரம்பித்துவிட்டார்.

கவுண்டரில் ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தார்கள். "ரெண்டையும் நீங்களே எழுதுங்க சம்பந்தி. கை பழகட்டும்."

கோணல்மாணலாக எழுதி முடிப்பதற்குள் தையல்காரம்மாவுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் விட்ட பெருமூச்சு கழுத்தில் பட்டது.

அறைக்குச் சாவி கிடையாது, ஒரு அட்டைதான். "நீங்களே திறங்க. எத்தனை நாளைக்கு அடுத்தவங்க திறந்துவிடுவாங்க?"

'என்னைப் பார்த்தா மூணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி இருக்கு போல' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எங்கே சாப்பிடுவது என்ற பேச்சு வந்தது.

கீழே பெரிய டைனிங் ஹால். வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள், உட்கார்ந்தால் கொண்டுவந்து பரிமாறுவார்கள். மருமகள் அங்கேதான் இடம் சொல்லி வைத்திருந்தாள். மேல் தளத்தில் பஃபே. தட்டை எடுத்தோமா, வேண்டியதைப் போட்டோமா, ஒரு மூலையில் உட்கார்ந்தோமா என்று முடித்துக்கொள்ளலாம்.

"மேலேயே போயிடலாம் சம்பந்தி," என்றார் டீச்சரம்மா, ஷாலுக்குள் கையைக் கட்டிக்கொண்டு. "கீழே போனா கத்தி, முள்கரண்டின்னு ஏகப்பட்ட சடங்கு. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

சுருக்கென்றது.

வீண் சிரமமா? இதற்காகத்தானே ஒரு மாதமாக, கடையைச் சாத்திய பிறகு, வேகவைத்த உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டினாள்! முதல் வாரம் உருளைக்கிழங்கு தட்டில் நிற்கவே இல்லை. ஒன்று எகிறிப் போய், பட்டன் தைக்கக் கொடுத்த யாருடைய கோட்டுப் பையிலோ விழுந்தது. நாலாவது வாரம்தான் வழிக்கு வந்தது.

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல. கீழேயே போவோம்."

"எனக்குத் தலை சுத்தற மாதிரி இருக்கு."

"கீழே போகப் போக ஆட்டம் கம்மின்னு கவுண்டர்ல சொன்னாங்களே."

"மேலேன்னா நல்லா காத்து வரும்."

"அதான் ஷால் போத்தியிருக்கீங்களா?"

டீச்சரம்மா ஷாலை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஒரு ஹெட்மிஸ்ட்ரஸின் வாயை அடைத்துவிட்ட குஷியில் தையல்காரம்மா லிஃப்ட் பட்டனை அழுத்தினாள்.

முதலில் சூப் வந்தது. டீச்சரம்மா தொடவே இல்லை. "சூடா இருக்கு," என்றார். ஆறிய பிறகும் தொடவில்லை.

அடுத்து மீன் வந்தது. தையல்காரம்மா இடது கையில் முள்கரண்டியும் வலது கையில் கத்தியுமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாக்பீஸ் கோட்டில் துணி வெட்டுகிற மாதிரி ஒரே நேராக வெட்டி வாயில் போட்டாள். இப்போ என்ன சொல்றீங்க என்று எதிரே பார்த்தாள்.

டீச்சரம்மா இவளைப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் எடுத்த முள்கரண்டி தட்டில் டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது. வலது கையை இடது கையால் அமுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு தலைகள் திரும்பின.

ஊசியில் நூல் கோத்துக் கோத்துத் தேறிய கண் தையல்காரம்மாவுக்கு. ஃபாரம் எழுதாத கை, அட்டையைத் தொடாத கை, ஷாலைவிட்டு வெளியே வராத கை.

"எத்தனை நாளா?" என்றாள் மெதுவாக.

"ஆறு மாசமா." டீச்சரம்மாவின் குரலும் லேசாக ஆடியது. "பொண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வீட்டைப் பூட்டிட்டு அவளோடயே கூட்டிட்டுப் போயிடுவா. அப்புறம் நான் வாசலைத் தாண்டின மாதிரிதான்."

தையல்காரம்மா ஒரு நிமிஷம் தன் தட்டைப் பார்த்தாள். பிறகு கத்தியையும் முள்கரண்டியையும் ஹாலே திரும்பும்படி தட்டில் வீசினாள்.

"ஏம்ப்பா சர்வர்! இந்தக் கத்தியும் கம்பியும் யாருக்கு வேணும்? பெரிசா ரெண்டு ஸ்பூன் கொண்டா! இந்த மீனையும் எடுத்துட்டுப் போய், ரெண்டு தட்டுலயும் பொடிசா உதிர்த்துக் கொண்டா!"

ஹால் மொத்தமும் இவளை வேடிக்கை பார்த்துச் சிரித்தது. உதிர்த்த மீன் வந்த பிறகும் எல்லோர் கண்ணும் இவள் மேலேயே இருக்க, டீச்சரம்மா ஸ்பூனால் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தார். சிந்தியதை யாரும் கவனிக்கவில்லை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" போனில் மகன் சிரித்தான். "அத்தை காலையிலேயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கீழேதான் போகணும்னு நீ அடம்பிடிச்சியாம். அப்புறம் முள்கரண்டி பிடிக்கத் தெரியாம ஊரைக் கூட்டினியாம். நீ சங்கடப்படக் கூடாதேன்னு அத்தையும் ஸ்பூன்லயே சாப்பிட்டாங்களாம். உனக்காக இனிமே தினமும் பஃபேதானாம். எவ்வளவு பெரிய மனசு பாரு!"

எதிர்க் கட்டிலில் டீச்சரம்மா ஷாலுக்குள் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கடலை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மாவுக்கு நுனி நாக்கு வரை வந்துவிட்டது. உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பிப்பதா, ஃபாரத்திலிருந்தா? வாயைத் திறந்தால் எது முதலில் வந்து விழும் என்று அவளுக்கே தெரியாது.

"ஆமாடா, பெரிய மனசுதான். இந்தா, அத்தைகிட்டயே பேசு," என்று எழுந்தாள்.

ஆனால் போனை அவர் கையில் கொடுக்கவில்லை. டீச்சரம்மாவின் காதில் வைத்து, பேசி முடிக்கும் வரை தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.