பிளஸ் டூ மட்டும்

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

ஏழு வருடங்களை மனதுக்குள் மறுபடி அடுக்கிப் பார்த்தாள்.

பிளஸ் டூ முடித்தது பதினேழில். பிறகு இரண்டு வருடம் தையல் கடை. பிறகு ஒரு வருடம் துணிக்கடை. மீதி நாலு வருடம் வீட்டில் சும்மா.

அந்தக் கணக்கில் கல்லூரி எங்கேயும் வரவில்லை. அவள் படித்து முடித்த எம்.எஸ்சி. இயற்பியல் வரவில்லை.

சும்மா இருந்தது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. அதிலிருந்து ஒரு வருடத்தை எடுத்துத் துணிக்கடையில் சேர்த்தாள்.

கம்பெனி வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். செல்போன் பாகங்கள் பொருத்தும் வேலை. பெண்கள் மட்டும். பிளஸ் டூ மட்டும். டிகிரி படித்தவர்கள் வர வேண்டாம்.

டிகிரிக்காரர்கள் ஆறே மாதத்தில் ஓடிவிடுகிறார்களாம்.

ஓடுவதற்கு ஓர் இடம் இருந்தால்தானே.

அந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடத்தில் பதினோரு நேர்காணலுக்குப் போய்விட்டாள். பதினோரு இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இங்கே இருபத்தைந்து வயது முடிந்தவர்களை எடுப்பதில்லை. அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது.

காலையில் சோதனையாக, இடுக்கியால் குட்டித் திருகாணிகளை எடுத்துக் குழிகளில் போடச் சொன்னார்கள். ஆய்வகத்தில் பழகிய கை. வேண்டுமென்றே இரண்டைத் தவறவிட்டாள். விட்ட பிறகு, ஒன்றே போதுமாக இருந்திருக்குமோ என்று கவலை.

“அடுத்து.”

மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன், கழுத்தில் கம்பெனி அட்டை. பக்கத்து மேசையில் மேனேஜர் ஃபோனில் யாரையோ கடிந்துகொண்டிருந்தார்.

இளைஞன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தான். ஆதாரைப் பார்த்தான். இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்டான். அடுக்கி வைத்ததைச் சொன்னாள். தையல் கடையில் என்ன தைத்தாய் என்றான். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தேன் என்றாள். தலையாட்டி எழுதிக்கொண்டான்.

“டி.சி. எங்கம்மா?”

இதை அவள் யோசிக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் கொடுத்த மாற்றுச் சான்றிதழ். பிளஸ் டூவோடு நின்றவர்கள் வீட்டில் அது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கல்லூரிக்குப் போனவர்கள் சேர்ந்த அன்றே கொடுத்துவிட்டிருப்பார்கள். திரும்பி வராது.

தொலைந்துவிட்டது என்றாள்.

எப்படி என்றான்.

வெள்ளத்தில் என்றாள்.

மதிப்பெண் பட்டியல் மட்டும் நனையவில்லையா என்று கேட்டான், நிமிர்ந்து பார்க்காமல். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.



அப்போதுதான் அம்மா, கூட வந்தவர்களை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள்.

விடுதியில் தங்கும் பெண்களுக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகச் சத்துணவுக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, மற்ற அம்மாக்களோடு காலையிலிருந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நோட்டீஸ் இருந்த பக்கமாக மகள் அவளைக் கூட்டி வரவில்லை.

“ஏதோ காகிதம் இல்லைன்னு காதுல விழுந்துச்சு சார். அதைவிடப் பெருசு இருக்கு, பாருங்க.”

மேசைமேல் வைத்தாள்.

பட்டமளிப்பு முடிந்த மறுநாளே ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டது. பல்கலைக்கழக முத்திரை பளபளவென்று மின்னியது.

வரிசையில் பின்னால் நின்ற பெண், போச்சு என்றாள் மெதுவாக.

இளைஞன் பட்டத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அவள் எதையும் பார்க்கவில்லை.

பக்கத்து மேசையில் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் இளைஞன் அதைக் குப்புறக் கவிழ்த்து அம்மாவிடம் நீட்டினான்.

“இது இங்க செல்லாதும்மா. பைக்குள்ள வைங்க.”

மேனேஜர் என்னவென்று கேட்டார். டி.சி. வெள்ளத்தில் போய்விட்டதாம், எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

அவள் எழுதிக் கொடுத்தாள். காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்துவிடச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தான். பின்னால் நின்ற பெண்ணைக் கூப்பிட்டான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வேலை கிடைத்துவிட்டதே அம்மா என்று அவள் சொன்னதற்கு, ம் என்று மட்டும் வந்தது.

நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அம்மா பையைத் திறந்தாள். பட்டத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு மகளிடம் நீட்டினாள்.

“செல்லாதுன்னுட்டாரே. எந்த இடத்துல தப்பா அடிச்சிருக்காங்கன்னு பாருடி. எழுதிப் போட்டு மாத்தி வாங்கிடலாம்.”

அவள் வாங்கினாள். விரல் வைத்துப் படித்தாள்.

பெயர் சரியாக இருந்தது. பாடம் சரியாக இருந்தது. முதல் வகுப்பு. மாதம், வருடம். துணைவேந்தர் கையெழுத்து.

அம்மா அந்த விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விரலை மேலே கொண்டுபோய், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.