பூந்தி ஏன் உறுமுது?

“அய்யய்யோ, கடிச்சுருச்சு! கடிச்சுருச்சு!”

கையில கடிக்கலைங்க, சேலையிலதான். ஆனா சம்பூர்ணம் போட்ட சத்தத்துல, தூளியில தூங்கிட்டு இருந்த குழந்தை முழிச்சு வீல்னு அழுதுச்சு.

சம்பூர்ணம், தம்பி பேரனைப் பாக்கறதுக்கு அரியலூர்லேர்ந்து பஸ் ஏறி பெரம்பலூர் வந்தவங்க. தூளிய விலக்கி, “எந்திரிடா தூங்குமூஞ்சி, அப்பத்தா வந்திருக்கேன்”னு கன்னத்தைக் கிள்ளப் போனாங்க. எங்கேர்ந்துதான் வந்துச்சோ பூந்தி, பாஞ்சு வந்து முந்தானைய கவ்விருச்சு. டர்ர்ர்!

பூந்தி அந்த வூட்டு நாய். பேருதான் பூந்தி, குணம் காராபூந்தி.

“ஏண்டா குழந்தவேலு, நாயாடா வளக்கிற? வூட்டுக்கு ஒரு குழந்தை வந்ததும் அதுக்குப் பொறாமை வந்துருச்சுடா!”

ஈஸிசேர்ல சாஞ்சு இருமிக்கிட்டு இருந்த தம்பி குழந்தைவேல் எந்திரிச்சாரு. ரிட்டையர்டு பஸ் கண்டக்டர்.

“திமிரு புடிச்ச நாயிக்கா! இதைத் தொலைச்சுட்டுதான் மறுவேலை. நீ வாக்கா, இப்ப போனா பஸ்ல உக்கார எடம் கெடைக்கும்.”

அக்கா டீ கூட குடிக்காம கெளம்பிட்டாங்க.

சாயங்காலம் மகன் இளவரசன் செல்போன் கடையிலேர்ந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுட்டுத் தலையில கைய வெச்சுக்கிட்டான்.

“போன வாரம் எதுத்த வூட்டு மலர்கொடி அக்காவ தொரத்துச்சு. நேத்து என் ஃப்ரெண்டு தமிழரசன் குடும்பத்தோட வந்தான், செருப்பையே கழட்ட வுடல. இன்னைக்கு அத்தை சேலை. நாளைக்குக் குழந்தைய கடிச்சா?”

அந்தக் கேள்விதான் அவன் பொண்டாட்டி வேணியோட தூக்கத்தைக் கெடுத்துச்சு. கெடுக்கறதுக்குத் தூக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே!

தாய் வூட்லேர்ந்து கைக்குழந்தையோட வந்ததுலேர்ந்து இதே கதைதான். ஒத்தாசைக்கு மாமியார் இல்லாத வூடு. ராத்திரி பூரா குழந்தை தூங்காது. பகல்ல அது கண்ண மூடினா, பாக்கறதுக்கு ஆளு வந்துரும். வந்தவங்களுக்கு டீ போடணும். மூக்கு யாரு ஜாடை, காது யாரு ஜாடைன்னு அவங்க பட்டிமன்றம் நடத்தி முடிக்கற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே நிக்கணும். குழந்தை பாக்க வர்றவங்கள வராதீங்கன்னு யாருங்க சொல்ல முடியும்?

மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு. “குழந்தை துணிய மோந்து பாக்க வுடுங்க, பழகிரும்”னாரு. குடுத்தா, பூந்தி அந்தத் துணிய கட்டிப்புடிச்சுத் தூங்குச்சு! ஆளு இல்லாத நேரத்துல தூளிக்குக் கீழயே படுத்துக்கிட்டு வாலை ஆட்டும். ஆளு வந்தாத்தான் உறுமல். டாக்டருக்கே புரியல.

“ஞாயித்துக்கெழமை ஜெயங்கொண்டத்துல சித்தப்பாவோட முந்திரிக் கொல்லையில கொண்டு வுட்டுர்றேன்”னான் இளவரசன்.

“ஞாயித்துக்கெழமையா?” அப்பா இழுத்தாரு. “நாயையெல்லாம் பஸ்ல ஏத்த மாட்டான்டா. காலமெல்லாம் கண்டக்டரா இருந்தவன், எனக்குத் தெரியாதா?”

“பைக்ல கொண்டு போறேன்பா.”

“வெயில் கொளுத்துதுடா.”

“விடியக்காலம் போறேன்.”

“அன்னைக்கு நாளு நல்லா இல்லையேடா.”

“நாய வுடறதுக்கு நாளு பாக்கணுமா? மத்தியானம் தொலைக்கணும்னு சொன்னதே நீதானாமே!”

பெரியவரு டீ டம்ளரையும் பொறை பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் பின்னால போயிட்டாரு.

“இருக்கறதே நாலு பல்லு. அந்தப் பொறைய எப்படித்தான் கடிக்கறாரோ!”ன்னு இளவரசன் முணுமுணுத்தான்.

காஞ்ச துணி எடுக்கலாம்னு வேணி பின்பக்கம் போனா. தண்ணித் தொட்டிகிட்ட மாமா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. எதுக்க பூந்தி.

“இந்தா, தின்னு. ஆனா சேலைய கிழிச்ச பாரு, அது தப்பு. உறுமத்தானே பழக்கினேன்? நான் இருமுனா நீ உறுமணும், அவ்வளவுதான் வேலை. இப்ப உன்னையே பைக்ல ஏத்தறேங்கறான்.”

பூந்தி பொறைய கறுக்கு மொறுக்குன்னு மென்னுச்சு.

“கூடப்பொறந்த அக்காவ, ‘கெளம்புக்கா, வேணி செத்த நேரம் படுக்கட்டும்’னு நான் சொல்ல முடியுமா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். நீ சொன்னா, நாய்தானே, போவுதுன்னு வுட்ருவாங்க. கிழிஞ்ச சேலைக்கு நான் ஒண்ணு எடுத்துக் குடுத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு உக்காந்து ஒரு வாய் சோறு தின்னே எத்தனை நாளாச்சு தெரியுமா?”

வேணி துணிய எடுக்காமலே திரும்பிட்டா.

உள்ள வந்ததும், “என்னங்க, பூந்தி இங்கயே இருக்கட்டும்”னா.

“ஏய், நீதானே ரொம்ப பயந்த?”

“பயந்தேன். இப்ப இல்ல.”

மறுநாள் மத்தியானம். குழந்தை அப்பத்தான் கண்ண மூடுச்சு. வேணி தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தா.

“வேணீ...”

வாசல்ல அடுத்த தெரு பாக்யலட்சுமி. பின்னாடி அவங்க ஓரகத்தி, ஓரகத்தியோட தங்கச்சி.

“இவங்களும் குழந்தைய பாக்கணும்னாங்க. தூங்குதா? அதனால என்ன, எழுப்பு!”

தூளிக்குக் கீழ பூந்தி தலைய தூக்கி ஈஸிசேரப் பாத்துச்சு. சேரு காலி. மாமா பொறை வாங்க கடைக்குப் போயிருந்தாரு.

“வாங்கக்கா, வாங்க, உக்காருங்க”ன்னு வேணி வாய் நெறைய சிரிச்சா.

அப்புறம் முந்தானையால வாய பொத்திக்கிட்டு, மெதுவா இருமினா.

சரி, உங்க வூட்ல யாருங்க இருமுறது?